ஆன்டிகனி நாடகத்தில் கோரஸை வெட்டலாமா? கிரேக்க நாடகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செவ்வந்தி:

வணக்கம். எங்கள் நாடகக் குழு அடுத்ததாகப் பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ஆன்டிகனியைப் போடுகிறது. வாசிப்பு தொடங்கிவிட்டோம். இயக்குநர் கோரஸை, அதாவது கூட்டமாக நின்று பாடும் குழுவை, அடியோடு எடுத்துவிடலாம் என்கிறார். கதை விறுவிறுவென்று போகும்போது நடுவில் பதினைந்து பெரியவர்கள் வந்து பாட ஆரம்பித்தால் பார்க்க வந்தவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள், பாட்டுகளைத் தூக்கிவிட்டால் கச்சிதமாக முடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. குழுவில் பாதிப் பேர் அவர் பக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் "அதுதான் மரபு" என்று சொன்னால் அவரிடம் எடுபடாது.

கதை தெரியாதவர்களுக்காக: தீப்ஸ் நகரத்தில் உடன்பிறந்த இருவர் ஆட்சிக்காகப் போரிட்டு ஒருவரை ஒருவர் கொன்றுவிடுகிறார்கள். அவர்களின் தாய்மாமன் கிரியோன் அரசனாகிறான். செத்த இருவரில், படையெடுத்து வந்த பாலினைசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது, மீறினால் மரணம் என்று ஆணை போடுகிறான். தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். அவளை மணக்கப் போகிறவன் கிரியோனின் சொந்த மகன் ஹீமோன்.

நான் கேட்க நினைப்பது இவைதான். கோரஸ் எதற்காக வந்தது, அது இல்லாமல் நாடகம் நிற்குமா? மூன்றே நடிகர்கள் எல்லா வேடத்தையும் போட்டார்கள் என்பது உண்மையா? சாவு எல்லாம் ஏன் மேடைக்கு வெளியிலேயே நடக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

ஆலமரத்தடி:

செவ்வந்தி, உங்கள் இயக்குநர் கோரஸ் என்பது நாடகத்துக்குள் பிறகு செருகப்பட்ட ஒன்று என்று நினைக்கிறார் போல. நடந்தது நேர்மாறு. முதலில் இருந்தது கோரஸ்தான். நடிகன்தான் பிறகு வந்தவன்.

ஏதென்ஸில் டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு டித்திராம் என்றொரு பாட்டு வகை உண்டு. ஐம்பது பேர் வட்டமாக நின்று ஆடிக்கொண்டே பாடுவது. அந்தப் பாட்டை முன்னின்று நடத்தியவர்களிடமிருந்துதான் துன்பியல் நாடகம் பிறந்தது என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். தெஸ்பிஸ் என்பவர் கூட்டத்திலிருந்து தனியாக வந்து நின்று, தெய்வமாகவோ வீரனாகவோ தானே பேசினார், கோரஸ் அவருக்குப் பதில் சொன்னது என்பது மரபு. அது கி.மு. 534 வாக்கில் என்று சொல்வார்கள், பெய்சிஸ்ட்ராட்டஸ் ஏதென்ஸை ஆண்ட காலம். அப்புறம் எஸ்கிலஸ் என்ற நாடகாசிரியர் இரண்டாவது நடிகரைக் கொண்டுவந்தார். சோஃபக்ளிஸ் மூன்றாவது நடிகரைச் சேர்த்தார். அதோடு நின்றுவிட்டது. கோரஸ் மட்டும் பன்னிரண்டு பேரிலிருந்து பதினைந்து ஆனது, அதுவும் சோஃபக்ளிஸ் செய்த மாற்றம் என்றுதான் பழைய குறிப்புகள் சொல்கின்றன.

இரண்டாவது நடிகர் வந்ததை ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே ஒருவர் இருக்கும்வரை அவர் கோரஸோடுதான் பேச முடியும். செய்தி கொண்டுவரலாம், புலம்பலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம். ஒரு மனிதனும் இன்னொரு மனிதனும் நேருக்கு நேர் மோத முடியாது. இரண்டாமவர் வந்த பிறகுதான் அது முடிந்தது. மூன்றாமவர் வந்ததும் இருவர் மோதுவதை இன்னொருவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம், நடுவில் புகுந்து கெடுக்கலாம். ஆன்டிகனியில் காவலாளி அவளைப் பிடித்துக்கொண்டு வந்து கிரியோன் முன் நிறுத்தும் காட்சி அந்த மூன்றாம் நடிகர் இல்லாமல் எழுதவே முடியாது. உயிர் தப்பிய சந்தோஷத்தில் காவலாளி பேசித் தள்ளுகிறான், அவள் தலை குனிந்து நிற்கிறாள், கிரியோன் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

இடத்தையும் மனதில் வையுங்கள். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் டயோனிசஸின் அரங்கம். இன்று நாம் படத்தில் பார்க்கும் கல் இருக்கைகள் சோஃபக்ளிஸ் காலத்தவை அல்ல, கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து லைகர்கஸ் என்பவர் நகர நிதியைக் கவனித்த காலத்தில் வந்தவை. முன்பு சரிவில் மரப்பலகைகள்தான். கீழே ஆடுகளம், அதற்குப் பெயர் ஆர்கெஸ்ட்ரா. பின்னால் ஸ்கீனி என்ற மரக்கட்டிடம், நடிகர்கள் உடை மாற்றுவதும் அதற்குள்தான், அரண்மனையாகத் தெரிவதும் அதுதான். பல ஆயிரம் பேர் திறந்தவெளியில், பகல் வெளிச்சத்தில், காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தார்கள். திரை கிடையாது, விளக்கு கிடையாது. ஒரு காட்சி முடிந்தது என்பதைப் பார்ப்பவனுக்குத் தெரிவித்ததே கோரஸின் பாட்டுதான். அதை எடுத்துவிட்டால் நாடகத்தின் மூட்டுகளையே கழற்றியதாகிவிடும்.

கரிசல்வாசகன்:

ஆலமரத்தடி சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. சடங்கிலிருந்து பாட்டு, பாட்டிலிருந்து நாடகம் என்று ஏணிப்படி மாதிரி அடுக்கிவிடுகிறோம், அது கொஞ்சம் ஆபத்து. அரிஸ்டாட்டில் தெஸ்பிஸுக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் பிந்தியவர். கையில் இருந்த குறிப்புகளை வைத்து ஊகித்திருக்கிறார் என்பதுதான் பல ஆய்வாளர்கள் கருத்து.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எஸ்கிலஸின் "அடைக்கலம் கேட்போர்" நாடகத்தில் கோரஸ்தான் முக்கியப் பாத்திரம். எகிப்திலிருந்து தப்பி வந்த பெண்களின் கூட்டம், நாடகம் முழுக்க அவர்கள் பாட்டுதான். கோரஸ் அதிகம் என்றால் பழையது என்ற கணக்கில் கிடைத்தவற்றிலேயே அதுதான் மூத்த நாடகம் என்று ரொம்ப காலம் பாடம் நடத்தினார்கள். 1952-ல் எகிப்திலிருந்து கிடைத்த ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு வெளியானது. அதே போட்டியில் சோஃபக்ளிஸும் கலந்துகொண்டார் என்று அதில் இருக்கிறது. சோஃபக்ளிஸ் மேடைக்கு வந்ததே கி.மு. 470 வாக்கில்தான். ஆக அந்த நாடகம் 460-களுக்கு இறங்கிவிட்டது. இன்று முழுதாகக் கிடைப்பதில் மூத்தது கி.மு. 472-ல் வந்த எஸ்கிலஸின் "பாரசீகர்கள்". அதற்குச் செலவு செய்தவர், பின்னால் ஏதென்ஸின் பெரிய தலைவரான பெரிக்ளிஸ், அப்போது இளவயது. கோரஸ் என்பது தேய்ந்துகொண்டே வந்த பழைய மிச்சம் அல்ல, எழுதுகிறவர் வேண்டும்போது பெரிதாக்கிய ஒரு கருவி. செவ்வந்தியின் இயக்குநரிடம் எடுபடக்கூடிய வாதம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, டயோனிசஸ் விழாவை வெறும் கோயில் திருவிழாவாகப் பார்க்கக் கூடாது. வசந்தகாலத்தில், கடல் பயணம் திரும்பத் தொடங்கும் நேரத்தில் நடக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். நாடகத்துக்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? ஏதென்ஸின் கீழிருந்த ஊர்கள் கட்டிய திறைப்பணத்தை அரங்கத்துக்குள் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் காட்டினார்கள். போரில் தகப்பனை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பிள்ளைகள் வயது வந்ததும் கவசம் தரித்து அணிவகுத்து வந்தார்கள். அதன் பிறகுதான் நாடகம். அப்படி உட்கார்ந்திருந்த கூட்டத்தின் முன்னால்தான் "நகரத்துக்கு எதிராகப் படையெடுத்தவனை அடக்கம் செய்யலாமா" என்று ஒரு நாடகம் கேட்டது. போர்ப் பிணம் என்பது அவர்களுக்குக் கதையில் வரும் விஷயமா, சொல்லுங்கள்.

அரசியலில் கை வைத்தால் சுடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஏதென்ஸோடு உறவு கொண்டாடிய மிலேட்டஸ் நகரம் கி.மு. 494-ல் பாரசீகரிடம் வீழ்ந்தது. அதைப் பற்றி ஃபிரினிக்கஸ் நாடகம் போட்டார். அரங்கமே அழுதது. நம் வீட்டுத் துக்கத்தை நமக்கே நினைவுபடுத்தினான் என்று ஆயிரம் டிராக்மா அபராதம் போட்டு, அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

மேடைவிளக்கு:

நான் மேடையில் வேலை செய்கிறவன், அதனால் அந்த இயக்குநர் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். நீங்கள் இருவரும் சொல்வது எல்லாம் ஐந்தாம் நூற்றாண்டுக் கதை. கிரேக்கர்களே பிறகு கோரஸைக் கைவிட்டார்களே? அகத்தான் என்ற நாடகாசிரியர் கதையோடு ஒட்டாத இடைப்பாட்டுகளை நுழைக்க ஆரம்பித்தார் என்று அதே அரிஸ்டாட்டில்தான் குறை சொல்கிறார். நகைச்சுவை நாடகாசிரியர் மெனாண்டரின் "சிடுமூஞ்சி" கி.மு. 316-ல் மேடையேறியது. அந்தப் பிரதியில் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் "கோரஸின் பாட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும்தான், என்ன பாட்டு என்றுகூட எழுதவில்லை. அவர்களே வெட்டியதை நாம் வெட்டக் கூடாதா?

நடைமுறையையும் பாருங்கள். பதினைந்து பேருக்கு எங்கே போவது? அன்றைக்கு ஒரு பணக்காரர் தலையில் செலவைக் கட்டினார்கள். உடை, பயிற்சி, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைக்கு ஒரு குழுவுக்கு ஒத்திகைக்கு ஒரு கூடம் கிடைப்பதே பெரும்பாடு. பாதி ஒத்திகை போன கோரஸ் மேடையில் கிசுகிசுவென்று ஒன்றுசேராமல் பேசினால், உள்ள நாடகமும் கெட்டுப்போகும். அதற்கு இல்லாமலே இருக்கலாம்.

ஆலமரத்தடி:

மேடைவிளக்கு அண்ணா, நியாயமான கேள்வி. மெனாண்டர் கோரஸ் இல்லாமலே நிற்கும்படி எழுதினார், அதனால் நிற்கிறது. சோஃபக்ளிஸ் அப்படி எழுதவில்லை. கோரஸையும் நடிகர்களில் ஒருவராக நடத்த வேண்டும், இன்னொரு நாடகாசிரியரான யூரிப்பிடிஸ் மாதிரி அல்ல, சோஃபக்ளிஸ் மாதிரி என்று அரிஸ்டாட்டில் சொல்வதும் நீங்கள் காட்டிய அதே பத்தியில்தான் இருக்கிறது.

பொதுவாகப் பேசாமல் ஆன்டிகனிக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். மூன்று இடம் காட்டுகிறேன்.

முதலாவது, ஹீமோன் அப்பனோடு சண்டை போட்டுவிட்டு ஓடிவிடுகிறான். கோபம் தலைக்கேறிய கிரியோன் அந்த இரண்டு பெண்களும் சாவதை அவனால் தடுக்க முடியாது என்கிறான். இரண்டு பெண்கள், அதாவது ஆன்டிகனியும் தங்கை இஸ்மினியும். அப்போது கோரஸின் தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இருவரையுமா கொல்லப் போகிறாய்? கிரியோன் நிதானித்து, நீ சொல்வது சரிதான், கை வைக்காதவளை விட்டுவிடுகிறேன் என்கிறான். இஸ்மினி உயிர் பிழைத்தது அந்த ஒரு வரியால். கோரஸ் இல்லை என்றால் அவள் ஏன் சாகவில்லை என்பதற்கு உங்கள் பிரதியில் காரணமே இருக்காது.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியம். ஆன்டிகனியை உயிரோடு ஒரு குகையில் அடைத்தாகிவிட்டது. குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போகிறார். அதுவரை யார் சொல்லையும் கேட்காத கிரியோன் ஆடிப்போகிறான். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள், கேட்கிறேன் என்று கோரஸைப் பார்த்துத்தான் கேட்கிறான். கோரஸ் தெளிவாக, வரிசைப்படுத்தி, பதில் சொல்கிறது: போய் முதலில் பெண்ணைக் குகையிலிருந்து விடு, பிறகு கிடக்கிறவனுக்குக் கல்லறை எழுப்பு. சீக்கிரம் போ என்றும் சொல்கிறது. கிரியோன் போகிறான். ஆனால் என்ன செய்கிறான் என்பதைத் தூதுவன் வந்து சொல்லும்போது கவனியுங்கள். முதலில் சமவெளிக்குப் போய்ப் பாலினைசிஸின் உடலில் மிஞ்சியதைக் கழுவி, எரித்து, மேடு கட்டி, அதன் பிறகுதான் குகைக்குப் போகிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். மொத்த அழிவும் அந்த இடைவெளியில் இருக்கிறது. கோரஸ் சொன்ன வரிசையைப் பார்ப்பவன் காதால் கேட்டிருந்தால்தானே தூதுவன் பேசும்போது "ஐயோ, முதலில் குகைக்கல்லவா போகச் சொன்னார்கள்" என்று அவன் நெஞ்சு பதறும்?

மூன்றாவது, கிரியோன் ஓடியதும் கோரஸ் ஒரு பாட்டுப் பாடுகிறது. சோகப் பாட்டு இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் டயோனிசஸை, தீப்ஸின் சொந்தத் தெய்வத்தை, வா வா என்று அழைக்கும் பாட்டு. பாட்டு முடிகிறது, உடனே தூதுவன். அதாவது அந்த சந்தோஷப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஆன்டிகனியும் ஹீமோனும் சாகிறார்கள். டயோனிசஸின் அரங்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, டயோனிசஸை அழைக்கும் பாட்டைக் கேட்டுக்கொண்டு, உள்ளே ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள் என்பது தெரியாமல் இருக்கும் நிலை. இதை வெட்டினால் கிரியோன் வெளியே போன கையோடு தூதுவன் உள்ளே வருவான். மேடையில் ஒரு நிமிடம்கூட ஓடியிருக்காது.

தாரகை:

மூன்று நடிகர் கேள்விக்கு நான் சொல்கிறேன். உண்மைதான். பேசும் நடிகர்கள் மூவர், எல்லோரும் ஆண்கள். காவலர், வேலைக்காரர் என்று பேசாத ஆட்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். காரணம் போட்டிதான் என்று நினைக்கிறேன். மூன்று கவிஞர்கள் மோதுகிறார்கள், ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகமும் ஒரு சாட்டிர் நாடகமும் (பாதி மனிதன் பாதி விலங்கு வேடத்தில் கோரஸ் வரும் கேலி நாடகம்). எல்லோருக்கும் ஒரே அளவு ஆள்பலம் கொடுத்தால்தானே பந்தயம்? கி.மு. 449 முதல் நடிகர்களுக்கும் தனிப் பரிசு வந்தது.

ஆன்டிகனியைப் பிரித்துப் பாருங்கள், அழகாகப் பிரியும். கிரியோன் ஏறக்குறைய விடாமல் மேடையில் இருக்கிறான், அதனால் அவனுக்கு ஒருவர். ஆன்டிகனி போன பிறகு டைரீசியஸ் வருகிறார், அவர் போன பிறகு அரசி யூரிடிசி வருகிறாள். மூன்றையும் ஒருவரே செய்ய முடியும். முதல் காட்சியில் இஸ்மினி, பிறகு காவலாளி, மறுபடி இஸ்மினி, பிறகு ஹீமோன், கடைசியில் தூதுவன், இதெல்லாம் மூன்றாமவர். யோசித்துப் பாருங்கள், ஆன்டிகனியைக் கொண்டுவந்து மாட்டிவிட்ட காவலாளியின் குரலும், அவளோடு சாகிறேன் என்ற தங்கையின் குரலும், அவளுக்காக உயிரை விட்ட காதலனின் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது. கிரியோனின் குடும்பத்தைக் குலைக்கப்போகும் தீர்க்கதரிசியும், குலைந்து சாகும் மனைவியும், அவன் கொன்ற பெண்ணும் ஒரே உடம்பு. இப்படிப் பிரித்துத்தான் போட்டார்கள் என்று சாட்சி கிடையாது, ஆனால் இப்படித்தான் நன்றாகப் பொருந்துகிறது.

ஒரு சாட்சி மட்டும் இருக்கிறது, அருமையான சாட்சி. கி.மு. 343-ல் ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் தன் எதிரி ஈஸ்கினிஸ் மேல் வழக்கு நடத்துகிறார். ஈஸ்கினிஸ் முன்பு நடிகர். பெரிய நடிகர்களான தியடோரஸும் அரிஸ்டோடிமஸும் பலமுறை ஆன்டிகனி போட்டிருக்கிறார்கள், அப்போதெல்லாம் இந்த ஈஸ்கினிஸ் மூன்றாம் நடிகராக இருந்து கிரியோன் வேடம் போட்டான் என்கிறார். செங்கோல் பிடித்து வரும் கொடுங்கோலன் வேடம் மூன்றாம் நடிகருக்கென்றே ஒதுக்கியதாம். பிறகு கிரியோனின் அரசாட்சிப் பேச்சை நீதிமன்றத்திலேயே வாசிக்கச் சொல்லி, இவ்வளவு நல்ல வரிகளை மனப்பாடம் செய்தும் நீ நாட்டைக் காட்டிக்கொடுத்தாயே என்று அடிக்கிறார். நாம் இன்று கிரியோனைக் கதாநாயகனாக வைத்துப் போடுகிறோம். அன்று பெரிய நடிகர்கள் விரும்பி எடுத்தது ஆன்டிகனியை.

முகமூடி இல்லாமல் இது எதுவும் நடக்காது. தலை முழுக்க மூடும் முகமூடி, முடியும் சேர்த்து. துணி போன்ற அழியும் பொருள்களால் செய்ததால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுடுமண் நகல்களும் பானை ஓவியங்களும்தான் இருக்கின்றன. நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ப்ரோனமஸ் ஜாடி என்று ஒன்று இருக்கிறது, கி.மு. 400 வாக்கில் செய்தது. நாடகம் முடிந்து நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்து நிற்கும் காட்சி. படம் கிடைத்தால் உங்கள் நடிகர்களுக்குக் காட்டுங்கள். நடுவில் குழலூதுகிறவர் உட்கார்ந்திருப்பார், ப்ரோனமஸ் என்பது அவர் பெயர்தான். அவருக்குக் கொடுத்த இடத்தைப் பார்த்தாலே இசை எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துவிடும்.

முகமூடி போட்டால் உணர்ச்சி போய்விடும் என்பவர்களுக்கு போலஸ் என்ற நடிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோஃபக்ளிஸின் எலெக்ட்ராவில் தம்பியின் சாம்பல் என்று நினைத்து எலெக்ட்ரா ஒரு கலயத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள். போலஸுக்கு அப்போதுதான் மகன் இறந்திருந்தான். மகனின் சாம்பலை வைத்திருந்த கலயத்தையே எடுத்துவந்து அந்தக் காட்சியில் அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் எழுதியிருக்கிறார்.

செவ்வந்தி:

அந்த வரிசை மாறும் விஷயம், அதைப் படித்ததும் பிரதியை எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன். அப்படியே இருக்கிறது! இயக்குநருக்கு அனுப்பிவிட்டேன். சரி, மேடைக்கு வெளியே சாவது பற்றி யாரும் சொல்லவில்லையே? குகைக் காட்சியை மேடையிலேயே காட்டலாம் என்று ஒரு யோசனை குழுவில் ஓடுகிறது. ஹீமோன் அப்பா முகத்தில் துப்பிவிட்டு வாளை உருவுவது எல்லாம் பார்த்தால் பிரமாதமாக இருக்கும் என்கிறார்கள்.

கரிசல்வாசகன்:

மேடையில் சாவைக் காட்டக் கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது. சோஃபக்ளிஸின் இன்னொரு நாடகத்தில் அயாக்ஸ் என்ற வீரன் தன் வாள் மேல் விழும் காட்சி பார்ப்பவர் கண் முன்னாலேயே நடந்திருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் தவிர்த்தார்கள். எனக்குப் படும் காரணம், மூன்று நடிகர்களும் பகல் வெளிச்சமும் உள்ள அரங்கத்தில் பிணமாகக் கிடக்கிறவரை எழுப்பி அடுத்த வேடத்துக்கு அனுப்ப வழி கிடையாது. அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்ததுதான் தூதுவன் பேச்சு. அதை அவர்கள் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். நாடகத்தின் உச்சமே அதுதான்.

இங்கே தூதுவன் யாரிடம் சொல்கிறான் என்று பாருங்கள். கோரஸிடம் ஹீமோன் செத்துவிட்டான் என்று சுருக்கமாகச் சொல்கிறான். அந்த நேரம் அரசி யூரிடிசி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். முழுக்கச் சொல், நான் துக்கம் பார்த்தவள் என்கிறாள். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறான். மகன் அப்பன் முகத்தில் துப்பியது, வாளை வீசியது, அது தவறியது, தன் விலாவிலேயே பாய்ச்சிக்கொண்டது, செத்தவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரத்தம் கக்கியது. பேச்சு முடிகிறது. யூரிடிசி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே திரும்பிப் போய்விடுகிறாள். கோரஸ்தான் அதைக் கவனிக்கிறது, இந்த மௌனம் நல்லதாகப் படவில்லை என்கிறது. குகையை மேடையில் காட்டினால் எல்லோரும் ஹீமோனைப் பார்ப்பார்கள். சோஃபக்ளிஸ் நம்மைப் பார்க்கச் சொல்வது கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் முகத்தை.

சாவை மறைத்தார்கள், பிணத்தை மறைக்கவில்லை. எக்கிக்கிளேமா என்று சக்கரம் வைத்த மேடைப்பலகை. கதவைத் திறந்து உள்ளிருந்து உருட்டிக்கொண்டு வருவார்கள். யூரிடிசி செத்த பிறகு கோரஸ் கிரியோனிடம், இதோ பார், இப்போது உள்ளே மறைந்திருக்கவில்லை என்கிறது. அங்கே அந்தப் பலகை வந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. ஒரு பக்கம் அவன் தூக்கி வந்த மகன், இன்னொரு பக்கம் மனைவி.

இன்னொரு கருவி பாரந்தூக்கி. தெய்வங்களை ஆகாயத்தில் காட்ட. கி.மு. 431-ல் யூரிப்பிடிஸின் மெடியா பிள்ளைகளைக் கொன்றுவிட்டுச் சூரியனின் தேரில் ஏறிப் பறப்பது அதில்தான். அந்த முடிவு அரிஸ்டாட்டிலுக்குப் பிடிக்கவில்லை. போட்டியில் அந்த வருடம் யூரிப்பிடிஸுக்குக் கடைசி இடம். பரிசை வைத்து எடைபோடக் கூடாது, ஈடிபஸ் நாடகம் போட்ட வருடம் சோஃபக்ளிஸே இன்னொருவரிடம் தோற்றிருக்கிறார்.

மேடைவிளக்கு:

சரி, அந்த மூன்று இடத்திலும் கோரஸ் இல்லாமல் முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அப்போது கேள்வி எப்படிச் செய்வது என்பதுதான். செவ்வந்தி, உங்களிடம் எத்தனை பேர்? ஆறு பேர் நன்றாகப் பயின்றால் அரைகுறைப் பதினைந்தைவிட மேல். ஒரே குரலில் மொத்தக் கூட்டமும் வசனம் பேச வேண்டாம். அங்கேயும் உரையாடல் வரிகளைத் தலைவர்தான் பேசியிருக்கிறார், பாட்டு மட்டும் எல்லோரும். அதனால் பாட்டுக்கு மெட்டுப் போட ஒருவரும், ஒரு குழலோ தாளமோ கட்டாயம் வேண்டும். மெட்டில்லாமல் ஒப்பித்தால் உங்கள் இயக்குநர் பயப்படும் சலிப்பு வரத்தான் செய்யும், அதில் அவர் சொல்வது சரி.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. இந்தப் பெரியவர்கள் கோழைகள். ஆன்டிகனியைக் குகைக்கு இழுத்துப் போகும்போது இரக்கப்படுகிறார்கள், ஆனால் தடுக்கவில்லை. இவர்களை மேடையில் எப்படி நிறுத்துவது?

ஆலமரத்தடி:

அண்ணா, அதை மென்மையாக்கவே வேண்டாம். கோரஸ் கவிஞரின் வாய் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அது இங்கே பொருந்தாது. இவர்கள் தீப்ஸின் மூத்த குடிமக்கள். கிரியோன் தேர்ந்து கூப்பிட்ட ஆட்கள். அரசனுக்குப் பயம், நகரத்தின் மேல் பாசம், ஒரு பெண் இப்படிப் பேசுகிறாளே என்ற எரிச்சல், பிறகு கண்ணீர், எல்லாம் உண்டு. போரில் தப்பிய விடியற்காலையில் வெற்றிப் பாட்டோடு உள்ளே வருகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்களின் உறுதி கரைகிறது. மனிதனைவிட வியப்பானது, அச்சம் தருவது எதுவும் இல்லை என்று பாடும்போது யாரைப் பற்றிப் பாடுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. உடலுக்கு மண் தூவியது யார் என்று இன்னும் தெரியவில்லையே. பாட்டு முடிந்ததும் ஆன்டிகனியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் முகம் மாறுவதைக் காட்டினாலே போதும்.

அன்று இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் தொழில் நடிகர்கள் அல்ல, ஏதென்ஸின் சாதாரணக் குடிமக்கள். பார்க்க வந்தவர்களின் அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர். அரசன் முன் வாய் திறக்காமல் நின்ற அந்தப் பெரியவர்களாக நின்றது அவர்களேதான். உங்கள் ஆறு பேரும் நடிப்பில் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

செவ்வந்தி:

இயக்குநர் பதில் அனுப்பியிருக்கிறார். குகையைக் காட்டும் யோசனையை விட்டுவிட்டார். எட்டுப் பேர் கோரஸ், முதல் பாட்டும், மனிதனைப் பற்றிய பாட்டும், டயோனிசஸ் பாட்டும் முழுசாக இருக்கும், மற்றவற்றைச் சுருக்கலாம் என்கிறார். யூரிடிசி நடிப்பவருக்குத் தாரகை எழுதியதை அனுப்பினேன். ஆன்டிகனியும் டைரீசியஸும் தானே போடுவதாக இப்போது அடம்பிடிக்கிறார். கோரஸுக்கு எப்போது பயிற்சி தொடங்கலாம்?

மேடைவிளக்கு:

நாளைக்கே. நடிகர்கள் தயாரான பிறகு கோரஸைக் கூப்பிடுவதுதான் எல்லாக் குழுவும் செய்கிற வேலை, நீங்கள் அதைச் செய்யாதீர்கள். ஏதென்ஸில் அதிகாரி பதவி ஏற்றதும் முதல் வேலையாக இந்தக் கவிஞருக்குக் கோரஸ் கொடுக்கிறேன் என்று ஒதுக்குவார், விழா வரப் பல மாதம் இருக்கும். கோரஸ் கிடைத்தால்தான் கவிஞர் போட்டியில் இருக்கிறார் என்றே அர்த்தம். முதலில் டயோனிசஸ் பாட்டை எடுங்கள். கிரியோன் ஓடும் இடத்திலிருந்து தூதுவன் வரும் இடம் வரை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு நேரம் வருகிறது என்று எழுதுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் மெட்டை வேகமாக்கலாம், வரியை வெட்ட வேண்டியிருக்காது.